துவிச்சக்கர வண்டியேறிய யோர்க்சயர் மாது

'அமெச்சூர்' என்னும் சொல்லை நாம் மேனாட்டாரிடமிருந்து எடுத்து வழங்குகிறோம். நாடகமானாலும் விளையாட்டானாலும் கூலி கருதாது ஈடுபடுபவரை அச்சொல்லாற் குறிப்பது வழக்கம். அதைச் சொல்லும்போது நம்மவர் குரலிற் சிறிது இளக்காரமும் கலந்துவிடுவதுண்டு. 'தேர்ச்சி போதாதவர்' என்பது உட்கருத்துப் போலும். ஆனால் அச்சொல்லின் வேரை இலத்தீன் மொழியிலே தேடிச் சென்றால் அங்கே 'அன்பு செய்பவன்' என்ற பொருளே கிடைக்கிறது. ஒரு கருமத்தை அதன்மேல் வைத்த காதலால் மாத்திரம் செய்பவன் எவனோ அவனே அமெச்சூர். இந்த மூலப் பொருளில் அச்சொல்லுக்கு முற்றும் உரியவரான ஓர் ஆங்கில மாதைப்பற்றி இங்கு எழுத விரும்புகிறேன். பெயர் பெறில் பேர்ட்டன். துவிச்சக்கர வண்டிப் பந்தயங்களில் ஏழு முறை உலக வெற்றி கண்டவர். ஒருநாளாவது அதைத் தொழிலாகக் கொள்ளாதவர்.

இங்கிலாந்தின் வடபாலுள்ள யோர்க்சயரில், லீட்ஸ் நகரை அடுத்த ஹால்ற்றன் என்னும் பகுதியில், 1937ஆம் ஆண்டு மே மாதம் 12ஆந் திகதி பெறில் பிறந்தார். அந்நாட்டில் அக்காலத்திலே பதினொரு வயதளவில் எல்லாப் பிள்ளைகளும் ஒரு பரீட்சைக்குத் தோற்றவேண்டும். அதிலே தேறியவர்கள் உயர்தரக் கல்லூரிக்கும் தேறாதவர்கள் சாதாரண பாடசாலைக்கும் அனுப்பப்படுவர். நம் நாட்டின் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையை அறிந்த பெற்றோருக்கு இதன் கொடுமையை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. பெறில் அப்பரீட்சையிலே தவறினார். அதனோடு தொடர்ந்து கடுமையான வாதக் காய்ச்சலும் பற்றிக்கொண்டது. ஒருபக்கத்து அங்கங்கள் வலுவிழந்தன. சில காலம் பேச்சும் தடைப்பட்டது. ஒன்பது மாதம் வைத்தியசாலைக் கட்டிலிலும், பதினைந்து மாதம் நோயாளர் தேறும் விடுதியிலுமாக இரண்டு வருடங்கள் கழிந்தன. வாதக் காய்ச்சல் இருதயத்தைத் தாக்கும் நோய். இனித் தேகத்தை வருத்தும் எந்தக் காரியத்திலும் ஈடுபடலாகாது என்று வைத்தியர்கள் சொல்லி அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்துக்கும் ஆகாதவள், பாரவேலைக்கும் ஆகாதவள் என இரு தீர்ப்புகளைச் சுமந்துகொண்டு ஒரு சிறுமி வீடு திரும்பினாள்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் லீட்ஸ் நகரிலே உடை தைக்கும் தொழிலகமொன்றில் வேலைக்கமர்ந்தார். அங்கேதான் சார்லி பேர்ட்டன் என்னும் இளைஞரின் அறிமுகம் கிடைத்தது. சார்லிக்குத் துவிச்சக்கர வண்டியென்றால் உயிர். 1955இல் இருவரும் விவாகஞ் செய்துகொண்டனர்; மறு ஆண்டு தைமாதத்தில் டெனிஸ் என்னும் பெண்குழந்தை பிறந்தது.

அக்காலத்து இங்கிலாந்தில் சைக்கிள் என்பது தொழிலாளரின் வாகனம். ராலி, ஹம்பர், ஹேர்க்கியூலிஸ் என்று நம் யாழ்ப்பாணத்துத் திண்ணைகளில் எண்ணெய் பூசித் துடைத்துச் சாத்தி வைக்கப்பட்டிருந்த வண்டிகளெல்லாம் அந்நாட்டுத் தொழிலகங்களிலிருந்து வந்தவையே. நிலக்கரிச் சுரங்கத்திலும் நெசவாலையிலும் ஆறு நாள் புகை குடித்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சங்கம் சங்கமாகக் கூடி வண்டியேறி மலைச்சாரல்களை நோக்கிப் புறப்படுவார்கள். போகவரத் 100 மைல் என்பது அவர்களுக்குச் சாதாரணம். இடையில் ஒரு தேநீர்க் கடை. மழை பெய்தால் எண்ணெய்த்துணிப் போர்வை. மோர்லி என்ற சிற்றூரின் சைக்கிட் சங்கத்தார் இவ்வாறு செல்லும் பயணங்களிலே சார்லியோடு பெறிலும் போகத் தொடங்கினார்.

தொடக்கத்தில் அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஏற்றங்களிலே பின்தங்கிவிடுவார்; யாராவது ஒருவர் முதுகிற் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போகவேண்டியிருக்கும். இரண்டாம் ஆண்டில் ஆடவரோடு சமமாக ஓடினார். மூன்றாம் ஆண்டில் அவர்களுக்கு முன்னால் ஓடினார். சார்லி பிற்காலத்தில் இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வாராம். வைத்தியர் தடுத்த இருதயம் எங்ஙனம் இதைத் தாங்கிற்று என்று கேட்கத் தோன்றும். அதற்கு விடை எவருஞ் சொல்லவில்லை. பெறில் அக்கேள்வியைப் பொருட்படுத்தியதாகவுந் தெரியவில்லை.

இனி, பந்தயத்தைப்பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ஏனெனில் ஆங்கிலேயர் சைக்கிட் பந்தயம் ஐரோப்பியர் பந்தயம் போன்றதன்று. பிரான்சிலும் இத்தாலியிலும் நூறுபேர் ஒருங்கே புறப்பட்டு, முதலில் வருபவர் வென்றார் என்பது முறை. இங்கிலாந்திலோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, குதிரைகள் வெருளுகின்றன, வழிப்போக்கர் இடருறுகின்றனர் என்ற முறைப்பாடுகளுக்கு அஞ்சிச் சைக்கிளோட்டிகளின் தலைமைச் சங்கமே வீதிப் பந்தயங்களைத் தடைசெய்துவிட்டது. அத்தடைக்கு ஒரு மாற்று வழியை பிட்லேக் என்பவர் கண்டார். 1895ஆம் ஆண்டில் அவர் நடத்திய 50 மைல் ஓட்டத்திலே ஒவ்வொருவரும் தனித்தனியாக, நேர இடைவெளி விட்டு அனுப்பப்பட்டனர். எதிராளி மனிதனல்லன், கடிகாரமே. விடியற்காலையில், ஊர் விழிக்குமுன், கறுப்பு உடை தரித்து, அழைப்பு மணியும் பூட்டி, யாரோ அவசர அலுவலாகப் போகிறார் என்று கண்டவர் எண்ணும்படி ஓடினார்கள். எந்த வீதியில் ஓட்டம் என்பதும் எழுத்தும் இலக்கமும் சேர்ந்த இரகசியக் குறியீட்டாலேயே அங்கத்தவருக்கு அறிவிக்கப்பட்டது. தடை நீங்கிய பிறகும் குறியீடு நீங்கவில்லை. ஆங்கிலேயர் ஒரு வழக்கத்தைக் கைவிடுவது அத்துணை எளிதன்று.

முதன்முறை இத்தகைய ஓட்டத்திற் கலந்துகொள்ளும் ஒருவரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். குளிர் நீங்காத வைகறை. வீதியோரத்திற் கடிகாரத்தோடு ஒருவர் நிற்பார். பின்னால் ஒருவர் வண்டியைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, இரு காலையும் மிதியிற் பூட்டிக்கொண்டு காத்திருக்கவேண்டும். கடைசி ஐந்து விநாடிகளை உரக்க எண்ணுவார்கள். பிறகு வெறும் வீதி. முன்னால் ஒரு நிமிடத்துக்கு முன் புறப்பட்டவர். பின்னால் ஒரு நிமிடம் கழித்துப் புறப்படப்போகிறவர். ஒருவர் பின்னால் ஒருவர் ஒதுங்கிக் காற்றை மறைத்துக்கொள்வது இங்கே குற்றம். விரைந்து தொடங்கினால் பாதி வழியில் கால் ஓயும். மெல்லத் தொடங்கினால் இழந்த விநாடி திரும்ப வராது. எவ்வளவு வலியைத் தாங்கலாம் என்று தன்னைத்தானே அளந்துகொள்ளும் பரீட்சை இது. வகுப்பறைப் பரீட்சையிலே திகைத்துப்போன பெறில் இந்தப் பரீட்சையிலே திகைக்கவில்லை. குழந்தை பிறந்த மறு ஆண்டாகிய 1957இல், 100 மைல் தேசியப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றார். அதுவே அவர் பெற்ற முதலாவது தேசியப் பதக்கம்.

வண்டியின் அமைப்பை அறியாமல் இந்தத் தூரங்களின் அருமை விளங்காது. நம் ஊரிலே அரிசி மூட்டையும் ஏற்றி ஆளும் ஏறிச் செல்லும் வண்டி ஏறத்தாழ 40 இறாத்தல் நிறையுள்ளது. பந்தய வண்டியோ மெல்லிய உருக்குக் குழாயாற் செய்யப்பட்டு அதிற் பாதியளவே நிறுக்கும். மட்காட், கரியர், ஸ்ராண்ட் ஒன்றும் இராது. ரயர் விரலளவு பருமன்; உள்ளே ரியூப் வைத்துத் தைத்து, றிம்மிலே பசைபூசி ஒட்டப்பட்டிருக்கும். பெறில் ஓடத் தொடங்கிய காலத்துக் கடிகார ஓட்டக்காரர் பலரும் பின்சில்லில் ஒரே ஒரு பல்லுச்சில்லையே பூட்டினர். அதுவும் பிறீவீல் இல்லாதது. சில்லு சுழலுமட்டும் காலும் சுழன்றே ஆகவேண்டும். இறக்கத்திலே காலை நிறுத்தி இளைப்பாற இடமில்லை.

'கியர்' என்பதை அவர்கள் அங்குலத்தில் அளப்பார்கள். கணக்கு எளிது. முன்பல்லுச்சில்லின் பற்களைப் பின்பல்லுச்சில்லின் பற்களாற் பிரித்துச் சில்லின் விட்டத்தாற் பெருக்குக. முன்னே 46, பின்னே 20, சில்லு 28 அங்குலம் எனின் விடை 64 அங்குலத்துக்குச் சற்று மேல். மிதி ஒருமுறை சுற்றிவர வண்டி 17 அடியளவு நகரும். முன்னே 48, பின்னே 16, சில்லு 27 அங்குலம் எனின் கியர் 81 அங்குலம். ஒரு சுற்றுக்கு 21 அடி. நான்கு அடி இலாபம் என்று தோன்றும். ஆனால் அந்த நான்கு அடிக்கும் விலை கொடுப்பது தொடைத் தசைதான். வட்டத்தின் பரிதி கற்பிக்கும்போது மாணவருக்கு இக்கணக்கைக் கொடுப்பது என் வழக்கம். கணிதத்தை வெறுக்கும் பையன்கூட அன்று மாலை தன் வண்டியின் பற்களை எண்ணாமல் உறங்கமாட்டான்.

அத்தகைய தசை பெறிலுக்கு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் தோட்டத்திலிருந்து என்றே சொல்லவேண்டும். மோர்லிச் சங்கத்திலே நிம் கார்லைன் என்பவர் இருந்தார். 24 மணிநேர ஓட்டத்தில் தேசிய சம்பியனாயிருந்தவர். அவர் ருபாப் என்னும் பயிர் செய்தார். நம் நாட்டார் பலர் அதைக் கண்டிருக்கமாட்டார்கள். செந்நிறமான தடித்த தண்டு, கடும் புளிப்பு, சீனி சேர்த்து அவித்து உண்பார்கள். மாரிகாலத்திலே வேரோடு பெயர்த்து இருட்டுக் கொட்டில்களில் வைத்து வளர்த்து, மெழுகுதிரி வெளிச்சத்தில் முறித்தெடுப்பது யோர்க்சயர் வழக்கம். மண்கட்டியோடு கூடிய அந்த வேர்க்கட்டைகளைக் கிண்டுவதும் தூக்குவதும் ஆண்களே முகஞ்சுழிக்கும் வேலை. பெறில் பல ஆண்டுகள் கார்லைனிடம் இந்த வேலையைச் செய்தார். பகலெல்லாம் குனிந்து நிமிர்ந்துவிட்டு, மாலையிலே சமையல், பிள்ளை, பிறகு வண்டி. உடற்பயிற்சி நிலையமும் ஊதியம் பெறும் பயிற்சியாளரும் அவருக்கு இருந்ததில்லை.

பெயர்பெற்ற சைக்கிட் கம்பனியொன்று தொழின்முறை வீராங்கனையாக வரும்படி அழைத்தது. மறுத்துவிட்டார். ஏன் மறுத்தார் என்பது இக்காலத்து இளைஞருக்கு விளங்குதல் அரிது. பணம் வாங்கினால் வாங்கிய இடத்துக்குப் பதில் சொல்லவேண்டும். அத்துடன் அக்காலத்து விதிப்படி சங்கத்து நண்பர்களோடு ஞாயிறுதோறும் பந்தயம் ஓடும் உரிமையும் போய்விடும். சார்லியே அவருக்குச் சாரதி, அவரே வண்டி திருத்துபவர், அவரே வழியில் உணவு கொடுப்பவர். சார்லி தம் பந்தயங்களை விட்டுவிட்டு மனைவிக்குத் துணைநின்றார். அக்காலத்து ஆடவர் பலர் இதைச் செய்திருக்கமாட்டார்கள் என்பதையும் குறிப்பிடத்தான் வேண்டும்.

பெண்களுக்கான உலக சம்பியன் பந்தயம் 1958இலேதான் தொடங்கிற்று. மறு ஆண்டு பெல்ஜியத்திலுள்ள லியேஜ் நகரிலே, 'துரத்தல்' எனப்படும் 3,000 மீற்றர் ஓட்டத்திற் பெறில் முதலாவதாக வந்தார். வட்டத்தரையின் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து இருவர் புறப்பட்டு ஒருவரையொருவர் பிடிக்க முயலும் பந்தயம் அது. அதே வெற்றியை 1960, 1962, 1963, 1966 ஆகிய ஆண்டுகளிலும் பெற்றார். 1960இல் கிழக்கு ஜெர்மனியிலும் 1967இல் ஒல்லாந்திலும் வீதிப் பந்தயத்தில் உலக சம்பியனானார். இரு முறையும் தனித்து முன்சென்றே வென்றார். இங்கிலாந்திலோ பல தூரங்களின் சராசரி வேகத்தைக் கொண்டு ஆண்டின் தலைசிறந்த ஓட்டக்காரியைத் தெரிவு செய்யும் போட்டியில் 1959 முதல் 1983 வரை, ஓராண்டுந் தவறாமல் 25 முறை அவரே முதல்வர்.

ஆயினும் ஒலிம்பிக் பதக்கம் அவரிடம் இல்லை. பெண்களுக்கான சைக்கிட் பந்தயம் 1984இலேதான் ஒலிம்பிக்கிற் சேர்க்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 47. அவர் மிக வல்லவராய் விளங்கிய கடிகார ஓட்டமோ, பெண்களுக்கான உலகப் போட்டியில் 1994இலும் ஒலிம்பிக்கில் 1996இலுமே இடம்பெற்றது. திறமை தோன்றிய காலத்திலே அரங்கம் திறக்கப்படவில்லை. இதனை விதி என்பாரும் உளர். விளையாட்டுச் சங்கங்களை நடத்திய ஆடவரின் கருமித்தனம் என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் கருமித்தனத்துக்கு ஒரு நாள் நல்ல விடை கிடைத்தது. 1967ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 17ஆந் திகதி, ஒட்லி சங்கத்தார் யோர்க்சயரிலே 12 மணிநேர ஓட்டமொன்றை நடத்தினார்கள். இதில் தூரம் வரையறுக்கப்பட்டதன்று, காலமே வரையறுக்கப்பட்டது. பன்னிரண்டு மணி முடியும்போது யார் கூடிய தூரம் சென்றிருக்கிறாரோ அவர் வென்றார். கடைசி மணிகளில் எல்லாரையும் ஒரு சுற்று வீதிக்குக் கொண்டுவந்து, இடையிடையே கடிகாரக்காரரை நிறுத்தி வைத்து ஒவ்வொருவர் சென்ற தூரத்தையும் கணக்கிடுவார்கள். ஆடவர் 99 பேரும் முதலில் ஒருவர்பின் ஒருவராக அனுப்பப்பட்டனர். கடைசி ஆடவர் மைக் மக்னமாரா. அவர் புறப்பட்டு இரண்டு நிமிடங்களின் பின்னர்ப் பெறில் புறப்பட்டார்.

மணிகள் செல்லச் செல்லப் பெறில் முன்சென்ற ஆடவரை ஒவ்வொருவராகக் கடந்தார். எஞ்சியவர் மக்னமாரா ஒருவரே. அவரும் சாமானியமாக ஓடவில்லை. அன்று ஆடவருக்குரிய தேசிய சாதனையையே முறியடிக்கும் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தார். 235 மைலளவில், தன்னந்தனியே உழைத்துக்கொண்டிருந்த அவருடைய முதுகு பெறிலின் கண்ணுக்குத் தெரிந்தது. கடக்கும் வேளையிலே பெறிலுக்கு ஒருவிதச் சங்கடம் உண்டாயிற்றாம். இத்துணை அருமையாக ஓடும் ஒருவரைப் பேசாமற் கடந்து போவது மரியாதையன்று. சட்டைப் பைக்குள் கையை விட்டார். அதிமதுரச் சாறு சேர்த்துச் செய்யும் பலவர்ண இனிப்பு ஒன்று அகப்பட்டது. அதிமதுரத்தை நாம் இருமலுக்குக் கஷாயம் வைப்போம். யோர்க்சயரார் அதை மிட்டாயாக்கிப் பெயர் பெற்றவர்கள். அந்த இனிப்பை அருகிலே சென்று நீட்டினார். மக்னமாரா நன்றி கூறி வாங்கி வாயில் இட்டுக்கொண்டார். பெறில் மிதியை அழுத்திக்கொண்டு முன்னே போய்விட்டார்.

அன்று மக்னமாரா சென்ற தூரம் 276.52 மைல், ஆடவருக்குரிய புதிய சாதனை. பெறில் சென்றது 277.25 மைல். யாழ்ப்பாணத்திற் புறப்பட்டு வீதிவழியே கொழும்பை அடைந்து, அதையுந் தாண்டிக் களுத்துறைவரை போவதற்கு ஏறக்குறையச் சமமான தூரம். சராசரி வேகம் மணிக்கு 23 மைலுக்குச் சற்று மேல். ஆடவர் சாதனையைப் பெண்ணொருத்தியின் சாதனை மிஞ்சி நின்ற அந்த விசித்திரம் 1969இல் ஜோன் வாற்சன் என்பவர் 281.87 மைல் ஓடும்வரை நீடித்தது. பெண்களுக்குரிய சாதனையாக அது 50 ஆண்டுகள் நிலைத்தது. 2017இலேதான் அலிஸ் லெத்பிறிட்ஜ் என்பவர் அதைக் கடந்து 285.65 மைல் சென்றார். இடைப்பட்ட காலத்திலே வண்டிகள் எவ்வளவு மாறின, வீதிகள் எவ்வளவு மாறின என்பதை நினைத்தால் அந்த ஐம்பது ஆண்டுகளின் பெருமை இன்னும் கூடுகிறது. மறு ஆண்டு, அதாவது 1968இல், 100 மைலை 3 மணி 55 நிமிடம் 5 விநாடியில் ஓடி, அத்தூரத்தை நான்கு மணிக்குள் முடித்த முதற் பெண்மணியுமானார்.

இத்தகைய மனவுறுதிக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அதை மறைத்து எழுதினால் பெறிலைத் தெய்வமாக்கியதாகுமே தவிர அறிந்ததாகாது. மகள் டெனிசும் வளர்ந்து சைக்கிள் வீராங்கனையானார். 1975இல் உலகப் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றார். 1976ஆம் ஆண்டுத் தேசிய வீதிப் பந்தயத்தின் முடிவிலே தாயும் மகளும் முன்னணியில் ஓடிவந்தனர். இறுதிப் பாய்ச்சலில் மகள் தாயை முந்திவிட்டார். பரிசு மேடையிலே மகளின் கையைக் குலுக்கத் தாய் மறுத்துவிட்டார். முன்னே சென்ற குழுவுக்காகத் தாம் உழைத்த அளவு மகள் உழைக்கவில்லை என்பது அவருடைய குறை. ஓட்டக்காரியின் நியாயம் அது. ஆனால் தாயின் நியாயமன்று. பெற்ற பிள்ளை தன்னை வென்ற நாளில் மகிழத் தெரியாதவரை நான் புகழமாட்டேன். பெறிலும் பின்னர்த் தம் செயலுக்கு வருந்தித் தம் சுயசரிதையில் எழுதினார். 1982இல் இருவரும் இரட்டையர் வண்டியொன்றில் ஒருவர்பின் ஒருவராக அமர்ந்து 10 மைலை 21 நிமிடம் 25 விநாடியில் ஓடித் தேசிய சாதனை நாட்டினர். இரட்டையர் வண்டியிலே ஒரே செயின். இருவர் காலும் ஒத்துச் சுழன்றாலன்றி அது ஓடாது.

அரசு 1964இலும் 1968இலும் பட்டமளித்துக் கௌரவித்தது. அப்படியிருந்தும் லீட்ஸ் வீதிகளிலே அவரை அடையாளங் கண்டு கொண்டவர்கள் சிலரே. பிரான்சிலோ பெல்ஜியத்திலோ பிறந்திருந்தால் வீதிக்கு வீதி கூட்டங் கூடியிருக்கும். அது குறித்து அவர் அதிகம் கவலைப்பட்டதாகத் தோன்றவில்லை. வயது ஐம்பதைத் தாண்டியும் ஞாயிறு விடியலில் வீதியோரத்தில் எண்ணைச் சட்டையிற் குத்திக்கொண்டு கடிகாரக்காரர் முன் நின்றார். வேகம் குறைந்தது, வரவு குறையவில்லை. குறைத்துக்கொள்ளும்படி வீட்டார் சொல்லியும் கேட்கவில்லை.

1996ஆம் ஆண்டு மே மாதம் 5ஆந் திகதி, தம் 59ஆவது பிறந்தநாள் விருந்துக்கு நண்பர்களை அழைப்பதற்காக அழைப்பிதழ்களை எடுத்துக்கொண்டு வண்டியிற் புறப்பட்டார். வழியிலே இருதயம் நின்றது. சிறுவயதில் வைத்தியர்கள் அஞ்சிய அதே இருதயம். அவர்கள் அஞ்சியதன் பின் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவரைச் சுமந்து வந்தது. மோர்லியில் அவர் பெயரால் ஒரு சிறு பூந்தோட்டம் அமைத்திருக்கிறார்கள். அங்குள்ள மதிலிலே, வண்டியின்மேற் குனிந்து ஓடும் அவருடைய உருவம் தீட்டப்பட்டிருக்கிறது.